எல்லைக் கரையின் வரலாறு – 17: கப்பலுக்குப் பெயர் கடைசியில்தான்

2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதன் பெயரை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. லைபீரியக் கொடி, 24 மாலுமிகள், 640 கன்டெய்னர்கள் என்று எல்லா விவரமும் உடனே வெளிவந்தன. பிறகு திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மணலில் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியபோதும் அவை எந்தக் கப்பலின் சரக்கு என்பதில் ஐயம் எழவில்லை. இன்றைய பெரிய சரக்குக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பின் எண் உண்டு. கப்பல் கைமாறினாலும் கொடி மாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது, உடலிலேயே அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன்னர் இதே கடலில் மூழ்கிய கலங்களுக்கு அப்படிப்பட்ட முகவரி எதுவும் கிடையாது. வலையில் ஒரு பழைய நங்கூரமோ மரத்துண்டோ சிக்கியதும் அதற்குப் பெயர் சூட்ட ஆசை எழுகிறது. அந்த ஆசை ஆய்வை எப்படித் திசை திருப்புகிறது என்பதையும், சான்றுகளை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதையும் இந்தப் பகுதியில் பார்ப்போம். என் வாதத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூழ்கிய கப்பலிடம் முதலில் காலத்தைக் கேட்க வேண்டும், பிறகு அது எதனால் எப்படிக் கட்டப்பட்டது என்பதை, அதன்பின் சரக்கை. பெயர் கடைசியில்தான் வர வேண்டும். பல கப்பல்களுக்கு அது வராமலே போகலாம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் மேற்கே, நெய்யாறு கடலில் சேரும் பூவாறு தொடங்கிப் பொழியூர் வழியாக நீரோடி வரை போகும் கரையை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. அதற்கு முன்பு விழிஞமும் கொளச்சலும் ஒரே திருவிதாங்கூர்க் கரையின் துறைகள். இந்தக் கரைக்கு ஓர் இயற்கைக் குணம் உண்டு. தென்மேற்கை நோக்கிக் கிடப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் அலையும் நேராகக் கரையை நோக்கியே தள்ளும். அஞ்சுதெங்கு போன்ற இடங்களில் அணைப்புள்ள துறைமுகம் இல்லை. பாய்க்கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில்தான் சரக்கு கரை சேர்ந்தது. காற்று திரும்பினால் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஓடுவது அன்றைய வழக்கம். ஆகவே கடலடியில் தனியாகக் கிடக்கும் ஒரு நங்கூரம், அங்கே ஒரு கப்பல் நின்றது என்பதற்குச் சான்று. அங்கே கப்பல் மூழ்கியது என்பதற்கு அல்ல. பெரும்பாலும் அந்த நங்கூரத்தை விட்டுவிட்டுப் போன கப்பல் பிழைத்திருக்கும்.

ஆழமும் ஒரு சாட்சி. புயலில் கரை தட்டிய கப்பல் பத்து மீட்டருக்கும் குறைவான நீரில் அலையடியில் சிதையும். அதன் மரங்கள் பரந்து கிடக்கும், உயிர் பிழைத்தவர்களும் கரையோரத்தாரும் எடுக்கக்கூடியதை எடுத்திருப்பார்கள். நாற்பது மீட்டர் ஆழத்தில், கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் கப்பல் தரை தட்டியிருக்க முடியாது. நீர் புகுந்தோ தீப்பிடித்தோ மோதியோ தாக்கப்பட்டோதான் அது போயிருக்க வேண்டும். ஆழம் பெயரைச் சொல்லாவிட்டாலும் எந்த வகை மரணம் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆவணக்கட்டுகளில் எந்த வகை விபத்தைத் தேட வேண்டும் என்பது அதனாலேயே குறுகிவிடும்.

இந்த இடங்களை முதலில் அறிந்தவர்கள் கல்லூரிகளில் இல்லை. பூவாறு, விழிஞம் பகுதியின் தூண்டில்காரர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பாரு என்பார்கள். மூழ்கிய கப்பலும் அவர்களுக்கு ஒரு பாருதான். கலவாயும் பாறைமீனும் அதைச் சுற்றி வந்து கூடும். கரையிலுள்ள மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேரில் கொண்டுவந்து, இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்களை நேராக்கி, இரு கோடுகள் வெட்டும் புள்ளியில் தூண்டிலை இறக்குவதற்குக் கணிச்சம் என்று பெயர். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே தலைமுறைகளாக ஒரே இடத்துக்குத் திரும்பிப் போக அவர்களால் முடிந்தது இதனால்தான். இலங்கையின் தென்கரையில் கொடவாயாவுக்கு வெளியே 2003இல் சங்கு குளிப்பவர்கள் கண்ட கப்பல் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழமையானது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பழையது அதுவே என்று கருதப்படுகிறது. கண்ணாடிக் கட்டிகளும் அரைக்கும் கல்லும் பானைகளும் அதில் இருந்தன. கடற்தொழிலாளரின் அறிவைக் கேள்விச்செய்தி என்று ஒதுக்குவது ஆய்வின் முதல் வாசலையே அடைப்பதாகும்.

இனி நம் கரைக்கு வடக்கே, அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள அஞ்சுதெங்குக்குப் போவோம். 2021இல் அங்குள்ள கடலில் நாற்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு மூழ்கிய கப்பல் இருப்பதாகச் செய்தி வெளியானது. பின்னர் வேறு முக்குளிப்பாளர்களும் வர்க்கலை அருகே கண்ட கப்பலைப் பற்றிச் சொன்னார்கள். உடனே இரண்டு அடையாளங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, 1754இல் அழிந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'விம்மெனம்'. மற்றொன்று, இரண்டாம் உலகப்போரில் மூழ்கடிக்கப்பட்ட ஏதோ ஒரு கப்பல். இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒன்று மரக்கப்பல், மற்றது எஃகுக் கப்பல். ஒரே பொருளுக்கு இவ்வளவு விலகிய இரண்டு பெயர்கள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன என்றால், பெயர் பொருளிலிருந்து எழவில்லை, புத்தகத்திலிருந்து இறங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

விம்மெனம் ஏன் மனத்தைக் கவர்கிறது என்பது புரியக்கூடியதே. மராத்தியக் கடற்படைத் தலைவர் துளாஜி ஆங்கரேயின் கலங்கள் 1754இல் சேர்ந்து சென்ற மூன்று டச்சுக் கப்பல்களைத் தாக்கி, பெரிய இரண்டை எரித்து, மூன்றாவதைக் கைப்பற்றின. ஐம்பது பீரங்கி கொண்ட கப்பல் ஒன்று அதில் அழிந்தது என்று எழுதியவர் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம். அவர் 1728இல் பிறந்தது அஞ்சுதெங்கில். கதைக்கு இது ருசி கூட்டுகிறது. ஆனால் எழுதியவர் பிறந்த ஊர், எழுதப்பட்ட நிகழ்ச்சி நடந்த ஊராகிவிடாது. ஆங்கரேயின் தளமான விஜயதுர்க்கம் அஞ்சுதெங்கிலிருந்து நேர்கோட்டில் 900 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவருடைய கலங்கள் தெற்கே வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடற்போரை இங்கே கொண்டுவர விரும்புபவர்தான் அதற்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும். "நடந்திருக்கலாம்" என்பது போதாது. அதைவிட நேரடியான சோதனை கடலடியிலேயே கிடக்கிறது. ஐம்பது பீரங்கிக் கப்பல் எரிந்து மூழ்கினால் மரம் போனாலும் வார்ப்பிரும்புப் பீரங்கிகள் எங்கும் போகாது. டஜன் கணக்கில் ஒரே இடத்தில் குவிந்து கிடக்க வேண்டும். மாறாக ஆணி அறைந்த இரும்புத் தகடோ கொதிகலனோ கண்ணில் பட்டால், 1754 என்ற பேச்சு அந்தக் கணமே முடிந்துவிடும். கடலோடும் பெரிய கப்பல்கள் இரும்பால் கட்டப்பட்டதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான்.

உடலைக் கொண்டு காலத்தைக் குறுக்கும் முறை இதுவே. வெப்பக்கடலில் கப்பல்புழு மரத்தைத் தின்றுவிடும். மணலுக்குள் புதைந்த அடிப்பகுதியே மிஞ்சும். அந்தப் புழுவிடமிருந்து தப்பவே கப்பலடியில் செப்புத் தகடு அடிக்கும் பழக்கம் பிறந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதை முதலில் சோதித்தது 1761இல். செம்பும் துத்தநாகமும் கலந்த மன்ட்ஸ் உலோகத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது 1832இல். ஆகவே ஒரு தகட்டின் கலவையைச் சோதித்தாலே, இந்தக் கப்பல் எந்த ஆண்டுக்கு முன்பு மூழ்கியிருக்க முடியாது என்று சொல்லிவிடலாம். இங்கே ஒரு நுட்பத்தை மறக்கக்கூடாது. பொருள் தருவது ஒரு கீழெல்லை மட்டுமே. அந்த ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு காலம் கழித்து மூழ்கியது என்பதை அது தனியாகச் சொல்லாது.

இதற்குக் கோவாவின் செயின்ட் ஜார்ஜ் பாறைத்திட்டு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கடலடியில் கிடைத்த ஓடுகளில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை என்ற பெயரும் 1865 என்ற ஆண்டும் இருந்தன. அவசரக்காரர் 1865இல் மூழ்கிய கப்பல் என்று எழுதிவிடுவார். ஆனால் மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டே அது. நிறுவனத்தின் முத்திரையாகப் பல்லாண்டுகள் ஓட்டில் நின்றது. ஆய்வாளர்கள் அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று விரிவாகவே சொன்னார்கள். பூம்புகார்க் கடலில் பத்தொன்பது மீட்டர் ஆழத்தில் தேசிய கடலியல் நிறுவனம் 1991இல் ஆராய்ந்த கப்பலும் அப்படியே. அதிலிருந்த ஈயக் கட்டிகளில் டபிள்யூ பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் குடும்பம் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை நடத்தியது. இதனால் கப்பல் 1792க்கு முன் மூழ்கவில்லை என்பது உறுதி. சரக்கு இங்கிலாந்தில் விளைந்தது என்பதும் உறுதி. கப்பல் ஆங்கிலேயருடையது என்பது உறுதியா? இல்லை. சற்றுத் தெற்கே தரங்கம்பாடி அன்று டேனியர் துறை. இங்கிலாந்து ஈயத்தை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கி ஏற்றியிருக்கலாம். சரக்கின் பிறப்பிடத்தைக் கப்பலின் பிறப்பிடமாகக் கொள்வது, வீட்டில் சீனப் பீங்கான் கிண்ணம் இருப்பதால் வீட்டுக்காரர் சீனர் என்று முடிவு கட்டுவது போன்றது.

கப்பலின் கட்டுமானமே ஏமாற்றுவதும் உண்டு. இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659 ஜூலை 2 அன்று மூழ்கிய டச்சுக் கம்பெனியின் 'அவான்ட்ஸ்டெர்' கப்பலை எடுத்துக்கொள்வோம். அது முதலில் 'ஜான் அண்ட் தாமஸ்' என்ற ஆங்கிலக் கப்பல். 1653இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். ஆவணம் துணைக்கு இல்லாமல் மரவேலையை மட்டும் பார்த்திருந்தால் அது ஆங்கிலக் கப்பல் என்றே முடிவாகியிருக்கும். பீரங்கி விஷயமும் அவ்வாறே. டச்சுக் கம்பெனியின் முத்திரை பதித்த பீரங்கி டச்சுக் கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. பீரங்கிகள் விற்கப்பட்டன, பறிக்கப்பட்டன, பாரக்கல்லுக்குப் பதிலாகக் கப்பலடியில் போடப்பட்டன. நம் எல்லைப்பகுதியில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. 1741இல் கொளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தலைவரானார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை இயங்கியது. ஐரோப்பிய முறையில், ஐரோப்பியர் மேற்பார்வையில், நாஞ்சில் நாட்டு ஓரத்திலேயே வார்க்கப்பட்ட பீரங்கிகள் அவை. ஆகவே பொழியூருக்கும் கொளச்சலுக்கும் இடையே ஒரு பழைய பீரங்கி வலையில் ஏறினால், 'டச்சுக் கப்பல்' என்று தலைப்புப் போடுவதற்கு முன் உதயகிரியையும் நினைக்க வேண்டும்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பெயர் தேடுகிறவர் எங்கே போவார்? பட்டியல் இருக்கும் இடத்துக்குப் போவார். டச்சுக் கம்பெனி ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே நடத்திய 8,000க்கு மேற்பட்ட பயணங்கள் தொகுக்கப்பட்டு அச்சில் இருக்கின்றன. லண்டனின் லாயிட்ஸ் பட்டியலில் 1741 முதல் இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் முதல் தொகுப்பே நீண்ட கடல்பயணங்களுக்குரியது. கொச்சிக்கும் கொழும்புக்கும் சூரத்துக்கும் இடையே ஓடிய ஆசியப் பயணங்கள் அதில் முறையாக அடங்கவில்லை. மரக்காயர்களும் மாப்பிளைகளும் அரபு வணிகரும் ஓட்டிய உருக்களும் தோணிகளும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மிளகும் கொப்பரையும் கயிறும் அரிசியும் ஏற்றிக் கரையோடு கரையாக ஓடியவை எண்ணிக்கையில் ஐரோப்பியக் கப்பல்களைவிட மிக அதிகம். மூழ்கியவற்றிலும் அவையே அதிகம் இருந்திருக்க வேண்டும். சேர்த்தலை வட்டம் கடக்கரப்பள்ளியில் தைக்கலில் 2002-03இல் தோண்டியெடுக்கப்பட்ட பதினெட்டு மீட்டர் நீளப் படகு இதற்குச் சாட்சி. ஆஞ்சிலி மரத்தால் கட்டப்பட்ட அது, பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்று கரிமக் கணக்கு சொன்னது. அதற்குப் பெயர் இல்லை. ஆனால் கேரளக் கப்பல் கட்டும் கலையைப் பற்றி, பெயர் தெரிந்த பல கப்பல்கள் சொல்லாததை அது சொன்னது. பெயரை முதலில் தேடும் முறை, பெயர் பதிவு செய்யும் பழக்கமுள்ளவர்களின் கப்பல்களையே திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கும். நம் கடலின் வரலாறு மற்றவர்களின் விபத்துக் கணக்காகச் சுருங்கும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, கடற்தொழிலாளரின் வாய்மொழி மரபே பெயரைச் சொன்னால் அதை ஏற்கக்கூடாதா என்பது. அந்த மரபை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். இடத்தைப் பற்றிய அறிவு ஒவ்வொரு நாளும் கடலில் சோதிக்கப்படுகிறது. கணிச்சம் தவறினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். காலத்தைப் பற்றிய பேச்சுக்கு அப்படிப்பட்ட அன்றாடச் சோதனை இல்லை. படித்தவர் ஒருவர் சொன்ன பெயர் ஒரு தலைமுறைக்குள் பாட்டன் சொன்னதாகிவிடும். முதலாவதை ஆதாரமாகவும் இரண்டாவதைத் துப்பாகவும் கொள்வதே அவர்களுக்கும் நேர்மை செய்வதாகும். கொச்சைப்படுத்தாமல் அந்த அறிவைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், எந்த அடையாளங்களை நேராக்கினார்கள், எந்த மீன் எந்த மாதத்தில் அங்கே கிடைக்கிறது, வலை எந்த உயரத்தில் சிக்குகிறது என்று கேட்க வேண்டும். அவற்றிலிருந்தே சிதைவின் பரப்பும் உயரமும் தெரிந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. புகழ்பெற்ற பெயர் இருந்தால்தானே அரசு கவனிக்கும், பாதுகாக்கும்; பெயரில்லாத மரக்குவியலை யார் மதிப்பார்கள்? அனுபவம் இதை ஓரளவு ஆமோதிக்கிறது. ஆனால் சட்டம் பெயரைக் கேட்கவில்லை, வயதைக் கேட்கிறது. நம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு ஒப்பந்தமும் நூறாண்டாக நீரடியில் கிடப்பதையே அளவுகோலாக வைக்கிறது; இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. அதோடு பெயர் எப்போதும் காக்கும் கவசமும் அல்ல. டச்சுக் கம்பெனியின் உடைமைகள் தனக்கு வந்தன என்று நெதர்லாந்து அரசு கொள்கிறது. அந்த அடிப்படையில்தான் 1972இல் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்து, அங்கே கிடக்கும் பழைய டச்சுக் கப்பல்கள் மீதான உரிமையை ஒப்படைத்தது. எனவே சான்றில்லாமல் ஒரு சிதைவுக்கு டச்சுப் பெயர் வைப்பது விளையாட்டுக் காரியமில்லை. உரிமைக் கேள்விக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். புதையல் வேட்டைக்காரர்களையும் அதே பெயர்தான் அழைத்து வருகிறது. ஆஞ்சிலிப் பலகையை யாரும் திருடப் போவதில்லை, வெள்ளிக் காசு ஏற்றிய கப்பல் என்ற வதந்தி போதும்.

மூன்றாவது மறுப்பு: அப்படியானால் எந்தக் கப்பலுக்கும் பெயர் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும், வரிசையை மதித்தால். இரும்புக் கப்பல்களில் அது எளிதும்கூட. ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' 1914 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மினிக்காய்க்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடலில் மூழ்கடித்த கப்பல்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். 1917 பிப்ரவரியில் ஜெர்மனியின் 'வோல்ஃப்' கொழும்புக்கும் கன்னியாகுமரிக்கும் வெளியே கண்ணிவெடிகளை விதைத்தது. கொழும்புக்கு அருகில் அவற்றில் மோதிய கப்பல்களும் பதிவாகியுள்ளன. 1942இல் இந்தியாவின் மேற்குக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் வீழ்த்தியவற்றுக்கும் இடமும் நாளும் குறித்த பட்டியல்கள் உண்டு. கொதிகலன்களின் எண்ணிக்கை, எந்திரத்தின் வகை, உடலின் நீளம் என்ற மூன்றை அளந்தாலே கட்டுமானப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பத்துப் பெயர்களை இரண்டாகக் குறைத்துவிடலாம். மணியோ எந்திரத் தகடோ கிடைத்தால் ஒன்றே மிஞ்சும். அஞ்சுதெங்குக் கப்பல் எஃகாக இருந்தால் அதன் பெயர் ஒருநாள் உறுதியாக வரும். மரமாக இருந்தால் விம்மெனத்தின் பெயரைச் சொல்லும் உரிமை, பீரங்கிக் குவியலைக் காட்டியவருக்கும் போர் நடந்த இடத்துக்கான ஆவணத்தைக் காட்டியவருக்கும் மட்டுமே.

நடைமுறையில் இதற்கு என்ன தேவை? பூவாறிலிருந்து கொளச்சல் வரை கணிச்சம் வழியாக அறியப்பட்ட பாருகளை, மாநில எல்லையைப் பார்க்காமல், ஒரே வரைபடத்தில் குறிப்பது முதல் வேலை. எது இயற்கைப் பாறை, எது கலம் என்று ஒலிமானியால் பிரிப்பது அடுத்தது. ஆவணமும் எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. ஆங்கிலேயர் 1795இல் கொச்சியைக் கைப்பற்றியபின் அங்கிருந்த டச்சுப் பதிவேடுகள் சென்னை போய்ச் சேர்ந்தன. இன்றும் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. திருவிதாங்கூர் அரசின் ஓலைகள் திருவனந்தபுரத்தில், டச்சுக் கம்பெனியின் தலைமை ஆவணங்கள் ஹேக் நகரில். கேரளத்துக் கப்பலைப் பற்றிய தாள் தமிழ்நாட்டில், தமிழ்நாட்டுக் கடலைப் பற்றிய ஓலை கேரளத்தில் என்ற இந்த நிலையில், இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் கூடி உட்காராமல் ஒரு முடிவும் எட்ட முடியாது. அதுவரை இந்தக் கரையின் சிதைவுகளைக் காலத்தாலும் மரத்தாலும் சரக்காலும் குறிப்பிடுவோம். 'பதினெட்டாம் நூற்றாண்டு மரக்கலம், ஊர்க்கட்டு' என்ற உண்மையான குறிப்பு, புகழ்பெற்ற ஒரு தவறான பெயரைவிட வரலாற்றுக்கு அதிகம் பயன்படும். உதயகிரிப் பட்டறையில் வார்க்கப்பட்ட பீரங்கிகளை ஐரோப்பியப் பீரங்கிகளிலிருந்து பிரித்தறிவது எப்படி என்பது அடுத்த பகுதியில்.